சிறுநீரகக் கல்லா? முதலில் எந்தக் கல் என்று பாருங்கள்

சிறுநீரகக் கல் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிடமே நான்கு வைத்தியம் வரும். வாழைத்தண்டுச் சாறு குடி. பீன்ஸ் வேகவைத்த தண்ணீரை வடித்துக் குடி. தக்காளியை விதையோடு தொடாதே. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபீளையைப் பறித்துவந்து கஷாயம் போடு. பீர் குடித்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று சொல்கிற நண்பர் ஒருவரும் இருப்பார். சொல்கிறவர்கள் எல்லோருக்கும் அக்கறை இருக்கிறது. ஆனால் ஒருவரும் "எந்தக் கல்?" என்று கேட்பதில்லை.

நான் பள்ளியில் வேதியியல் சொல்லித்தருகிறவன், மருத்துவன் அல்ல. எனக்கே அந்தக் கேள்வி தோன்ற இரண்டு வருடம் ஆனது. எங்கள் அத்தைக்கு ஒரு முறை கல்லை எடுத்தார்கள். ஆறேழு மாதத்தில் மறுபடியும் கல். நடுநடுவே நீர்க்கடுப்பு, காய்ச்சல். ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், அடுத்த மாதம் மறுபடி வரும். கல் கரையட்டும் என்று, யாரோ சொன்னதைக் கேட்டு, சிட்ரேட் சிரப்பைத் தண்ணீரில் கலந்து ஒரு வேளைகூடத் தவறாமல் குடித்துவந்தார். அவருக்கு இருந்த கல்லை அந்த சிரப் கரைக்காது. அது மட்டுமில்லை, அந்தக் கல் விளைவதற்குத் தோதான பக்கத்துக்கே அது சிறுநீரைத் தள்ளும். அதே சிரப் வேறொருவருக்கு இருக்கும் வேறொரு கல்லை, கத்தி படாமல் கரைத்தும் விடும். இது எப்படி என்பதை, பத்தாம் வகுப்பு வேதியியலைத் தாண்டாமல் சொல்லப் பார்க்கிறேன்.

பாகும் நூலும்

பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கிப் பானையில் ஊற்றுவார்கள். உள்ளே நூலைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்துவிடுவார்கள். பாகு கெட்டியாக இருக்க வேண்டும், படிகம் பற்றிக்கொள்ள ஒரு நூல் வேண்டும், பானை ஆடாமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் நூலைச் சுற்றிக் கற்கண்டு விளையும்.

சிறுநீரகத்துக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். சிறுநீர் என்பது வெறும் தண்ணீர் அல்ல. கால்சியம், ஆக்ஸலேட், பாஸ்பேட், யூரிக் அமிலம், யூரியா, மக்னீசியம் என்று உடம்பு வேண்டாமென்று தள்ளியவை எல்லாம் அதில் கரைந்திருக்கின்றன. தண்ணீர் குறைந்தால் இந்தக் கரைசல் பாகுபோல அடர்ந்துவிடும். நூலுக்குப் பதிலாகப் பற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று அங்கே கிடைக்கும். சிறுநீரகத்தின் உள் முகடுகளில் வெள்ளையாகப் படியும் கால்சியத் திட்டுகளை அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டால் 1937-ல் விவரித்தார். கால்சியம் ஆக்ஸலேட் கற்கள் பல, அந்தத் திட்டுகளில் ஒட்டிக்கொண்டுதான் வளர்கின்றன. சிறுநீர் வழிந்தோடாமல் எங்காவது தேங்கி நின்றால் மூன்றாவது தேவையும் பூர்த்தியாகிவிடும்.

ஆனால் நம் எல்லோருடைய சிறுநீரும் நாளில் சில மணி நேரமாவது அடர்ந்துதான் போகிறது. அப்படியும் எல்லோருக்கும் கல் வருவதில்லை. காரணம், படிகம் வளரவிடாமல் தடுக்கும் பொருட்களும் அதே சிறுநீரில் இருப்பதுதான். அவற்றில் முக்கியமானது சிட்ரேட். குலாப் ஜாமூன் பாகு பூத்துப்போகாமல் இருக்க வீட்டில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்களே, நினைவிருக்கிறதா? அங்கே நடக்கும் வேதியியல் வேறு. ஆனால் பலன் இதேதான். சிறுநீரில் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆக்ஸலேட்டோடு சேரக் கால்சியம் கிடைப்பதில்லை. அதையும் மீறிப் படிகம் உண்டானாலும், அது பெரிதாவதைத் தடுக்கிறது.

புளிப்பா, காரமா

சரி, இனி பிஎச். ஒரு கரைசல் அமிலமா காரமா என்பதைச் சொல்லும் எண் இது. 7 என்றால் நடுநிலை. கீழே போகப்போக அமிலம், மேலே போகப்போகக் காரம். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். அதனால் 6-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் பார்க்கத்தான் சின்னது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவக்கிறது அல்லவா, அது காரத்தால் வந்த நிறம். சிறுநீர் பரிசோதனைக் கீற்றில் இருக்கும் சாயமும் இப்படி நிறம் மாறித்தான் பிஎச் அளவைச் சொல்கிறது.

இரத்தத்தின் பிஎச் 7.4-ஐ ஒட்டியே நிற்கும், அதில் கொஞ்சம் விலகினாலும் உயிருக்கு ஆபத்து. அதை அங்கேயே நிறுத்திவைக்க, கூடுதலான அமிலத்தையும் காரத்தையும் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. அதனால் சிறுநீரின் பிஎச் 4.5-லிருந்து 8 வரை ஏறி இறங்கும். பெரும்பாலும் 6-ஐ ஒட்டி இருக்கும். இறைச்சி சாப்பிட்டால் அமிலப் பக்கம் சாயும், காய்கனி அதிகம் சாப்பிட்டால் காரப் பக்கம் சாயும். காலையில் முதலில் போகும் சிறுநீர் பொதுவாக அமிலமாக இருக்கும், சாப்பிட்ட பிறகு கொஞ்சம் உயரும்.

ஒவ்வொரு கல்லுக்கும் இந்த அளவுகோலில் ஒரு பிடித்த இடம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதிகம் பேருக்கு வருவது கால்சியம் ஆக்ஸலேட் கல். பத்துப் பேருக்குக் கல் என்றால் ஏழெட்டுப் பேருக்குக் கால்சியம் சார்ந்த கல்லாகத்தான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி ஆக்ஸலேட். ஆக்ஸலேட் கல் சிறுநீரின் பிஎச் அளவை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கால்சியம் எவ்வளவு, ஆக்ஸலேட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, சிட்ரேட் எவ்வளவு என்பதுதான் அதற்குக் கணக்கு. கால்சியம் பாஸ்பேட் அப்படியல்ல. சிறுநீர் காரமாகும்போதுதான் அது படியும்.

யூரிக் அமிலக் கல் நேர் எதிர். அதற்குப் புளித்த சிறுநீர்தான் வேண்டும். பிஎச் 5.5-க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் கரைய மறுத்துப் படிகமாகிறது. பிஎச் 5-ல் கரைகிற அளவைவிட 7-ல் பத்து மடங்குக்கும் மேல் கரையும். அதனால்தான் சிட்ரேட் மருந்து கொடுத்துச் சிறுநீரை 6.5 பக்கம் கொண்டுவந்து வைத்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ இந்தக் கல் தானே கரைந்துபோகிறது. நீரிழிவும் உடல் பருமனும் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அமிலப் பக்கமே நின்றுவிடுவது அதிகம். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று யோசித்தால், இந்தக் கல்லைப் பற்றி இன்னும் பரவலாகப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. இன்னொன்று, இது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதால் கல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பீர் வைத்தியத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பீரில் உள்ள பியூரின் என்ற பொருள் உடம்பில் யூரிக் அமிலமாகத்தான் முடிகிறது.

ஒரு சிறு வரலாறு. யூரிக் அமிலம் என்ற பொருளையே வேதியியலாளர் கார்ல் ஷீலே 1776-ல் ஒரு சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்துதான் பிரித்தெடுத்தார். பிறகு 1810-ல் வில்லியம் வொல்லஸ்டன் வேறொரு வகைக் கல்லில் சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டார். அது பரம்பரையாக வரும் அரிய கல். கல்லை எடுத்துப் போட்டுவிடாமல் அது எதனால் ஆனது என்று கேட்டதால்தான் அந்த இரண்டு கண்டுபிடிப்பும் நடந்தது. இன்றைக்கும் நோயாளிக்கு அதே கேள்விதான் உதவுகிறது.

கிருமி கட்டும் கல்

அத்தைக்கு இருந்தது இந்த எதுவும் இல்லை. ஸ்ட்ருவைட் என்ற கல். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து உண்டாவது. 1845-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மண் தோண்டியபோது பழைய கழிவுகள் மட்கிய இடத்தில் இந்தப் படிகங்கள் கிடைத்தன. ஸ்ட்ருவே என்பவரின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்களின் குழாய்களில் இன்றும் இது படிந்து அடைத்துக்கொள்கிறது. சில நாடுகளில் இதைப் பிரித்தெடுத்து உரமாகவே விற்கிறார்கள். கழிவுநீர்க் குழாயில் விளைகிற அதே படிகம் மனித உடம்புக்குள் எப்படி விளைகிறது?

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றுமே எல்லோருடைய சிறுநீரிலும் உண்டு. ஆனாலும் ஆரோக்கியமான சிறுநீரில் ஸ்ட்ருவைட் விளையாது.

காரணம் ரொம்ப அழகானது. சிறுநீரகம் அம்மோனியத்தை உண்டாக்குவதே அமிலத்தை ஏற்றி வெளியே அனுப்பத்தான். ஆகவே அம்மோனியம் நிறைய இருக்கும் நேரத்தில் சிறுநீர் அமிலமாக இருக்கும். அமிலத்தில் பாஸ்பேட் கரைந்தே கிடக்கும், படியாது. சிறுநீர் காரமாக இருக்கும் நேரத்தில் பாஸ்பேட் படியத் தயாராக இருக்கும். ஆனால் அப்போது வெளியேற்ற அமிலம் இல்லை என்பதால் சிறுநீரகம் அம்மோனியத்தைக் குறைத்துவிடும். ஒன்று வரும்போது மற்றது வீட்டில் இருக்காது. அம்மோனியமும் காரமும் ஒரே நேரத்தில் சேர்ந்து இருப்பதை உடம்பு தானாக ஒருபோதும் செய்வதில்லை.

அதைச் செய்வது கிருமி. சில பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. சிறுநீரில் யூரியாவுக்குப் பஞ்சமே இல்லை, நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் போகிறது. யூரியேஸ் அந்த யூரியாவை உடைத்து அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் ஆக்குகிறது. அம்மோனியா தண்ணீரிலிருந்து அமிலத்தைப் பிடுங்கி அம்மோனியமாக மாறுகிறது, சிறுநீர் காரமாகிறது. பிஎச் 7.2-ஐத் தாண்டி 8, அதற்கும் மேல் போகிறது. ஒரே வினையில் அம்மோனியமும் கிடைத்தது, காரமும் கிடைத்தது. மக்னீசியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. கல் கட்ட வேறென்ன வேண்டும்?

இந்த வினையை நீங்கள் மூக்கால் அறிவீர்கள். பராமரிப்பில்லாத பொதுக் கழிப்பிடத்தில் கண்ணை எரிக்கும் நெடி இதுதான். வயலில் யூரியா போட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால் உரம் காற்றில் போய்விடும் என்று விவசாயிகள் சொல்வதும் இதைத்தான். மண்ணில் இருக்கும் யூரியேஸ் யூரியாவை அம்மோனியாவாக்கி ஆவியாக விட்டுவிடுகிறது. நம் வீட்டு வாளவரைக்கு உறவான ஓர் அவரை விதையிலிருந்துதான் ஜேம்ஸ் சம்னர் 1926-ல் யூரியேஸைப் படிகமாகப் பிரித்துக் காட்டினார். நொதி என்பது ஒரு புரதம் என்று உலகுக்கு நிரூபித்த முதல் வேலை அது. 1946-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வகுப்பில் இந்தக் கதையை வருடா வருடம் சொல்கிறவன் நான். அதே நொதிதான் அத்தைக்குக் கல் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

எல்லாக் கிருமியும் இதைச் செய்வதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்றில் மிக அதிகமாக அகப்படுவது ஈ.கோலை. பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பில் பெரும்பாலும் அதுதான். அதனிடம் பொதுவாக யூரியேஸ் கிடையாது. ஆகவே ஒரு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டதே, கல் வந்துவிடுமோ என்று யாரும் கலங்க வேண்டாம். யூரியேஸில் முதலிடம் புரோட்டியஸ் என்ற கிருமிக்கு. கிளெப்சியெல்லா, புரோவிடென்சியா, மார்கனெல்லா போன்றவற்றிலும் உண்டு. 1901-லேயே பிரவுன் என்ற ஆய்வாளர் ஒரு கல்லின் நடுவிலிருந்து புரோட்டியஸைப் பிரித்தெடுத்து, யூரியாவை உடைக்கும் கிருமிதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கல் வளரும் விதமும் தனி. ஆக்ஸலேட் கல் வருடக்கணக்கில் வளரலாம்; இது வாரங்களிலும் மாதங்களிலும் வளர்ந்துவிடும். சிறுநீரகத்தின் உள்ளறை முழுவதையும் நிரப்பி, கிளைகிளையாகப் பிரிந்து, மான் கொம்பு மாதிரியே நிற்கும். மருத்துவர்களும் அப்படித்தான் அதை அழைக்கிறார்கள். அவ்வளவு பெரிய கல் சிறுநீர்க் குழாய்க்குள் இறங்காது. இறங்காததால், கல் என்றால் நாம் எதிர்பார்க்கும் அந்தத் துடிதுடிக்கும் வலியும் பல நேரம் வராது. லேசான இடுப்பு வலி, அடிக்கடி தொற்று, அசதி, அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டால் அந்தச் சிறுநீரகமே செயலிழந்து போகலாம். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாத கல் இது.

யாருக்கு அதிகம் வருகிறது? பெண்களுக்கு, தொற்று அவர்களுக்கே அதிகம் என்பதால். அப்புறம் நீண்ட நாள் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்களுக்கு, முதுகுத்தண்டு அடிபட்டுச் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாதவர்களுக்கு. வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவருக்குக் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, கழற்றும்போது நுனியில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கிறது என்றால், குழாயை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். சிறுநீரில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையைச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் படிவும் இதே புரோட்டியஸின் வேலையாக இருக்கலாம்.

எது முதலில் வந்தது?

கிருமி கல்லைக் கட்டும் என்று பார்த்தோம். தலைகீழாகவும் நடக்கும். ஆக்ஸலேட் கல்லோ யூரிக் அமிலக் கல்லோ சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை அடைத்தால், பின்னால் சிறுநீர் தேங்கும். தேங்கிய நீரில் எந்தக் கிருமியும் பெருகும், ஈ.கோலையும்தான்.

இங்கேதான் உயிருக்கு ஆபத்தான நிலை வருகிறது, இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். கல் வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே மருத்துவமனை. வாழைத்தண்டு இல்லை, வலி மாத்திரை இல்லை, விடியட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் சீழ் தேங்கி, கிருமி இரத்தத்தில் கலந்துவிடலாம். அப்போது மருத்துவர்கள் கல்லை உடைக்கத் தொடங்க மாட்டார்கள். உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ, முதுகு வழியாக ஒரு குழாய் போட்டோ முதலில் சிறுநீரை வெளியேற்றுவார்கள், ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், கல்லைப் பிறகு பார்ப்பார்கள். கல்லை எடுக்காமல் அனுப்பிவிட்டார்களே என்று அந்த நேரத்தில் கோபப்படும் உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியான வரிசைதான்.

ஸ்ட்ருவைட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. கிருமி கல்லின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, அடுக்கடுக்காகக் கல்லுக்கு உள்ளேயே புதைந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் சிறுநீரில் இருப்பதைக் கொல்லும், கல்லுக்குள் ஊடுருவாது. மாத்திரை சாப்பிடும்வரை தொற்று அடங்கியிருக்கும், நிறுத்தினால் உள்ளேயிருந்து மறுபடி கிளம்பும். அத்தைக்கு மாதாமாதம் வந்த நீர்க்கடுப்பின் கதை இதுதான். கல் முழுவதும் போகாமல் தொற்று போகாது, தொற்று போகாமல் கல் நிற்காது. அதனால் மான்கொம்புக் கல்லைத் துளி விடாமல் எடுக்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் முதுகில் சிறு துளையிட்டுச் செய்யும் பிசிஎன்எல் என்ற முறைதான். ஒரு பருக்கை மிச்சமிருந்தாலும் அதற்குள் இருக்கும் கிருமி மறுபடி கட்ட ஆரம்பித்துவிடும்.

சிரப்பும் எலுமிச்சையும்

இப்போது சிட்ரேட் சிரப்புக்கு வரலாம். சிட்ரேட்டை உடம்பு எரித்துப் பைகார்பனேட்டாக்குகிறது, அதனால் சிறுநீர் காரமாகிறது. நாக்கில் புளிக்கும் எலுமிச்சை சிறுநீரைக் காரப் பக்கம் நகர்த்தக்கூடியது என்பது மாணவர்கள் நம்ப மறுக்கும் விஷயங்களில் ஒன்று. யூரிக் அமிலக் கல்லுக்கு இது மருந்து. சிட்ரேட் குறைவாக உள்ள ஆக்ஸலேட் கல்காரருக்கும் நல்லது. ஏற்கெனவே காரமாக இருக்கும் கால்சியம் பாஸ்பேட்காரருக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். கிருமி ஏற்கெனவே பிஎச் அளவை 8-க்குத் தள்ளிவிட்ட ஸ்ட்ருவைட்காரருக்கு? காரத்தின் மேல் காரம். நீர்க்கடுப்பில் எரிச்சல் குறையட்டும் என்றும் இதே வகை சிரப்பைக் கொடுப்பது வழக்கம். சில நாள் எரிச்சலுக்கு என்றால் ஒன்று. கடையில் தானாகவே வாங்கி மாதக்கணக்கில் குடிப்பது வேறு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்துகளில் உள்ள பொட்டாசியமோ சோடியமோ வேறு தொல்லையும் தரலாம்.

வாழைத்தண்டு, பீன்ஸ், சிறுபீளை? எனக்கு அவற்றின் மேல் எந்த விரோதமும் இல்லை. ஆனால் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் மூன்றில் இரண்டு பங்கு எந்த வைத்தியமும் இல்லாமல் தானே இறங்கிவிடும். சாறு குடித்த வாரத்தில் கல் விழுந்தால் பெயர் சாறுக்குத்தான் போகும். சாறோடு சேர்த்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்திருப்போம், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தக்காளி விதைமேல் சொல்லப்படும் பழியில் ஆதாரம் இல்லை. ஆக்ஸலேட் உண்மையிலேயே அதிகமாக இருப்பது பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம் போன்றவற்றில்.

கால்சியம் கல் என்றதும் பாலை நிறுத்திவிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இத்தாலியில் கால்சியம் ஆக்ஸலேட் கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஐந்து வருடம் பார்த்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல எடுத்துக்கொண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு மட்டும்தான். சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. உப்போ, சிறுநீரில் கால்சியத்தை அதிகம் இறக்குகிறது. ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டுவிட்டு மோரைக் குடிக்கலாம், உப்பில்லாமல்.

என்ன பார்க்க வேண்டும்

முதலில் கல். வலி வந்து கல் இறங்கும் நாட்களில் ஒரு டீ வடிகட்டியை அதற்கென்றே ஒதுக்கி, அதில் வடித்துச் சிறுநீர் கழியுங்கள். சிக்கியதைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பியில் போட்டுக் கொண்டுபோங்கள். அறுவை செய்து எடுத்தாலும் துண்டைக் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அகச்சிவப்புக் கதிர் கொண்டு அது எதனால் ஆனது என்று சொல்லிவிடுவார்கள். கல்லை எடுத்து நோயாளி கையில் ஞாபகார்த்தமாகக் கொடுத்துவிட்டு, என்ன கல் என்று பார்க்காமலே விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற வழக்கம்.

அடுத்தது சாதாரண சிறுநீர் பரிசோதனைச் சீட்டு. அதில் பிஎச் என்ற வரியை யாரும் படிப்பதில்லை. 5, 5.5 என்றே எப்போதும் வந்தால் யூரிக் அமிலத்தை நினைக்க வேண்டும். 7.5, 8 என்று வந்து, கூடவே சீழ் செல்களும் இருந்தால் யூரியாவை உடைக்கும் கிருமியை நினைக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: காலையில் பிடித்த சிறுநீரை வெயிலில் மூன்று மணி நேரம் வைத்துவிட்டுக் கொண்டுபோனால், டப்பாவுக்குள்ளேயே கிருமி வளர்ந்து பிஎச் ஏறிவிடும். பிடித்த உடனே கொடுங்கள், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

கல்ச்சர் பரிசோதனைக்கு முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். கிருமியின் பெயரைப் படியுங்கள். ஈ.கோலை என்றால் ஒரு கதை, புரோட்டியஸ் என்றால் வேறு கதை. திரும்பத் திரும்பப் புரோட்டியஸ் வந்தால், வலி இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.

தண்ணீர், பிறகு கழிப்பறை

எந்தக் கல்லானாலும் பொதுவாக உதவுவது தண்ணீர் ஒன்றுதான். இதற்கும் இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு உண்டு, 1996-ல் வெளியானது. முதல் முறை கால்சியம் கல் வந்த 199 பேர், ஐந்து வருடம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்ன 99 பேரில் 12 பேருக்கும், ஒன்றும் சொல்லாத 100 பேரில் 27 பேருக்கும் கல் திரும்பியது. எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதே கணக்கு. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும். சித்திரை வெயிலில் வேலை செய்பவருக்கு வேர்வையில் போவதையும் சேர்த்துக் குடித்தால்தான் அது நடக்கும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும், தேநீர் நிறத்துக்கு வந்தால் போதவில்லை. இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான்.

ஆனால் தண்ணீர் குடி என்று சொல்வது சுலபம். எங்கள் பள்ளியில் ஆசிரியைகள் காலையிலிருந்து மாலை வரை ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கிறேன். மாணவிகளும் அப்படியே. துணிக்கடையில் நிற்கும் பெண்கள், பேருந்தில் ஆறு மணி நேரம் போகிற அம்மாக்கள், எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். சுத்தமான கழிப்பறை இல்லை, இருந்தாலும் போக நேரம் இல்லை, அதனால் குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். பாகு அடர்கிறது, தேங்கி நிற்கிறது, கிருமிக்கும் நேரம் கிடைக்கிறது. கல்லுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நாமே சேர்த்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் நீ தண்ணீரே குடிப்பதில்லை என்று குறை சொல்கிறோம். பள்ளி மேலாண்மைக் கூட்டத்தில் நான் கழிப்பறையைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுவதற்கு இதுதான் காரணம்.

அத்தைக்கு மூன்றாவது முறை கல்லை எடுத்தபோது துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் என்று வந்தது. கல்ச்சரில் புரோட்டியஸ். பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன், நான்கிலும் பிஎச் 8. நான்கும் என் கையால் வாங்கிவந்த சீட்டுகள். மருத்துவர் சிரப்பை நிறுத்தினார், மிச்சமிருந்த இரண்டு துண்டுகளையும் இன்னொரு முறை போய் எடுத்தார், கிருமிக்குத் தகுந்த ஆன்டிபயாட்டிக்கை வேண்டிய நாள் வரை கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிறுநீர் கொடுத்துப் பார்க்கிறோம். போன மாதச் சீட்டில் பிஎச் 6 என்று இருந்தது, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. அடுத்த சீட்டு தை மாதம்.